உக்கிய ட்ரான்சம் பலகையை மாற்றுவது: பழைய அலுமினியப் படகு வாங்கியவர்களுக்கு

ஒன்ராறியோவில் பனி கரைந்ததும் வீட்டு முன்றல்களில் "விற்பனைக்கு" என்று அட்டை தொங்கவிட்ட 14 அடி அலுமினியப் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். ட்ரெய்லரும் சேர்த்து, சிலவேளை ஒரு பழைய 9.9 குதிரைவலு மோட்டரும் சேர்த்து, ஒரு நல்ல கைத்தொலைபேசி வாங்கும் காசுக்குத் தந்துவிடுவார்கள். ரைஸ் லேக் கரையில் நின்றே தூண்டில் போட்டு அலுத்தவனுக்கு அதைக் கண்டால் கை சும்மா இருக்காது. நானும் அப்படித்தான் வாங்கினேன். மூன்றாம் நாள் மோட்டரைத் தூக்கி இறக்கிப் பார்த்தபோது மோட்டரோடு சேர்ந்து படகின் பின்பக்கமும் ஆடியது. விற்றவர் அந்த விஷயத்தைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தப் பின்பக்கச் சுவருக்குத்தான் ட்ரான்சம் என்று பெயர். வெளியே பார்த்தால் முழுக்க அலுமினியம். ஆனால் மோட்டரைத் தாங்குவது அந்தத் தகடு அல்ல, சிறிய படகுகளில் அது ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் தடிப்புத்தான். தகட்டுக்கு உள்பக்கம் பிளைவுட் இருக்கிறது, பெரும்பாலும் முக்கால் அங்குலப் பலகை இரண்டை ஒட்டி ஒன்றரை அங்குலமாக்கியது. அதில்தான் மோட்டர் தொங்குகிறது. ஓடும்போது கீழே புரொப்பெல்லர் படகை முன்னால் தள்ள, மோட்டரின் மேல்பக்கம் ட்ரான்சத்தின் உச்சியைப் பின்னால் பிடித்து இழுக்கும். அதைவிட மோசம் ரோட்டில்தான்: ஒவ்வொரு குழியிலும் ட்ரெய்லர் துள்ளும்போது 40 கிலோ இரும்பு அந்தப் பலகையை நெம்புகிறது. பலகை உக்கியிருந்தால் ஒருநாள் மோட்டர் ஏரிக்குள் போகும், அல்லது 401 நெடுஞ்சாலையில் விழும். முதலாவதில் உங்களுக்கு நட்டம், இரண்டாவதில் பின்னால் வருபவனுக்கும் சேர்த்து.

அலுமினியம் மட்டும் அப்படியே இருக்கும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படைக்குப் போர் விமானம் செய்த கிரம்மன் நிறுவனம், போர் முடிந்த கையோடு அதே தகட்டு வேலை, அதே ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் தறையாணி) வேலையை வைத்துக் கனூ என்ற துடுப்புப் படகு செய்யத் தொடங்கியது. அந்தக் காலத்துக் கனூக்கள் இன்னும் ஏரிகளில் மிதக்கின்றன. மரத்துக்கு அந்த ஆயுள் கிடையாது. ஆகவே பழைய படகு வாங்கினால் இந்த வேலை என்றோ ஒருநாள் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயப்பட வேண்டாம், தச்சு வேலை தெரியாதவரும் இரண்டு மூன்று வார இறுதிகளில் செய்யலாம். நான் இரண்டு முறை செய்தேன். இரண்டாவது முறை ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உக்கியிருக்கிறதா என்று பார்ப்பது

மோட்டரின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், ஒருவர் பக்கத்தில் நின்று ட்ரான்சத்தின் மேல் விளிம்பைப் பார்க்கட்டும். மோட்டர் மட்டும் ஆடினால் அது கிளாம்ப் இறுக்கம் போதாதது. விளிம்பும் சேர்ந்து வளைந்தால் பலகை போய்விட்டது. அடுத்தது சுத்தியலின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல பலகை "டக் டக்" என்று இறுகலாகக் கேட்கும், உக்கியது ஈரச் சாக்கில் தட்டியதுபோல் அமுங்கிய சத்தம். இன்னும் சந்தேகம் என்றால் உள்பக்கமாகக் கீழே, தண்ணீர் வெளியேறும் துளைக்குப் பக்கத்தில், ஒரு சின்னத் துளை போடுங்கள். உள்பக்கம் மரம் மட்டும்தான் என்றால் துளை மரத்தோடு நிற்கட்டும், வெளித்தகட்டைத் தொடக்கூடாது. சுருள்சுருளாகக் காய்ந்த மரம் வந்தால் நல்லது, அந்தத் துளையை எப்பொக்சியால் (இரண்டு திரவத்தைக் கலந்து இறுகவிடும் பசை) மூடிவிட்டு மீன்பிடிக்கப் போங்கள். கறுத்த ஈரப் புட்டுமா போல உதிர்ந்தால் தொடர்ந்து வாசியுங்கள்.

மேல் விளிம்பு நன்றாக இருக்கிறதே என்று ஏமாறவும் வேண்டாம். தண்ணீர் மேலே இருக்கிற ஆணித் துளைகளால் நுழைந்து கீழே இறங்கித் தேங்குகிறது, ஆகவே பலகை அடியிலிருந்துதான் சாகும். மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரைவிட மோசம் என்பது இன்னொன்று. உப்பு பூஞ்சணத்தைக் கொஞ்சமாவது அடக்கும், நன்னீரில் அதற்கு ஒரு தடையும் இல்லை. படகு முற்றத்தில் மூடாமல் கிடந்து, இலையும் சேறும் பின்னால் சேர்ந்து, அதன்மேல் உறைபனி வந்து ஈர மரத்தைப் பிளந்தால் சொல்லவே வேண்டாம்.

பச்சைப் பலகை வாங்காதீர்கள்

இதை வாசித்துவிட்டு மீதியை விட்டாலும் பரவாயில்லை. வீட்டுச் சாமான் கடையில் பச்சை நிறத்தில் அல்லது மண்ணிறத்தில் ஒரு பலகை வைத்திருப்பார்கள், மருந்து ஏற்றிய மரம், வேலிக்கும் டெக்குக்கும் பாவிப்பது, உக்காது. படகுக்கும் அதுவே நல்லது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. பக்கத்து வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். அதையே போட்டேன்.

மூன்று வருடம் கழித்து வேறு ஏதோ வேலைக்கு ஒரு போல்ட்டைக் கழற்றினால் துளையைச் சுற்றி வெள்ளை மா கொட்டுகிறது. பலகையை வெளியே எடுத்துப் பார்த்தேன். மரம் புதிது மாதிரி இருக்கிறது, அலுமினியத்தில் அம்மை போட்டதுபோல் குழிகள். இரண்டு குழிகளில் வெளிச்சம் தெரிந்தது.

காரணம் செம்பு. அந்த மரத்துக்கு ஏற்றுகிற மருந்தில் செம்பு இருக்கிறது. ஈரம் பட்டதும் செம்பு கரைந்து வந்து அலுமினியத்தில் படியும், அப்புறம் ஒரு பேட்டரிக்குள் நடப்பதே அங்கும் நடக்கும், இரண்டு உலோகம், நடுவில் தண்ணீர், அலுமினியம் தன்னைத் தின்னக் கொடுக்கும். 2003 வரை வீட்டு வேலைக்கு விற்ற பழைய வகையில் செம்போடு ஆர்சனிக்கும் குரோமியமும் இருந்தன. அதை நிறுத்திவிட்டு வந்த புதிய வகைகளில் ஆர்சனிக் இல்லை, ஆனால் செம்பு முன்பைவிடக் கூட, அதனால் அலுமினியத்துக்கு இன்னும் கெடுதல். பெயின்ட் அடித்து, எப்பொக்சி பூசிப் போட்டால் ஒன்றும் ஆகாது என்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு கீறல் போதும். நான் அந்தச் சூதாட்டத்துக்கு இனி வரமாட்டேன்.

உங்கள் பழைய பலகையும் பச்சையாக இருந்தால் அதைக் கோடை முகாமில் நெருப்பு மூட்டப் பாவிக்காதீர்கள். பழைய வகையாக இருந்தால் புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் வரும். குப்பை சேகரிப்பு நிலையத்தில் கேட்டுக் கொடுங்கள்.

அப்படியானால் எந்தப் பலகை? இரண்டே தெரிவு. ஒன்று மரைன் பிளைவுட், ஆபிரிக்க ஒக்கூமே மரத்தில் செய்தது அல்லது டக்ளஸ் ஃபர்ரில் செய்தது. பிஎஸ் 1088 என்று முத்திரை இருந்தால் உள்ளடுக்குகளில் பொந்து இருக்காது என்று நம்பலாம். மற்றது வெளிவேலைக்கான சாதாரண பிளைவுட். ஒட்டியிருக்கிற பசை இரண்டிலும் தண்ணீருக்குத் தாங்குவதுதான், வித்தியாசம் உள்ளடுக்குகளில்: மலிவான பலகைக்குள் முடிச்சு விழுந்த பொந்துகள் இருக்கும், அந்தப் பொந்தில்தான் தண்ணீர் குடியிருக்கும், போல்ட் இறுக்கும்போது அங்கேதான் நசியும். ஒன்றைக் கவனியுங்கள், மரைன் என்ற பெயர் இருப்பதால் அது உக்காமல் இருக்காது. அதில் மருந்து ஒன்றும் கிடையாது. மூடாமல் போட்டால் விலை கூடிய பலகையும் அதே புட்டுமாதான். ஒரு முழுப் பலகை 4 அடிக்கு 8 அடி, 14 அடிப் படகின் ட்ரான்சத்துக்கு இரண்டு துண்டும் அதிலேயே வரும், மிச்சமும் இருக்கும். காசு இருந்தால் மரைன் வாங்குங்கள். இல்லாவிட்டால் வெளிவேலைப் பலகையில் வெட்டிய விளிம்புகளைப் பார்த்துப் பொந்துகளை எப்பொக்சியால் அடைத்துவிட்டுப் பாவியுங்கள், அதுவும் பத்துப் பதினைந்து வருடம் போகும் என்பது என் கணிப்பு.

மரமே இல்லாத கூசா என்ற கண்ணாடியிழைப் பலகையும் உண்டு. உக்காது, இலேசானது, விலையைக் கேட்டால் படகை இன்னொருமுறை வாங்கலாம் போல இருக்கும்.

கழற்றுதல்

முதலில் கைத்தொலைபேசியை எடுத்து எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். எந்த வயர் எங்கே, எந்த போல்ட் எந்தத் துளை, மூலைத் தகடு எப்படி மடிந்திருக்கிறது, எல்லாம். "இது ஞாபகம் இருக்கும்" என்று நினைக்கிற இடத்தை இரண்டு தரம் எடுங்கள்.

மோட்டரை இறக்க இரண்டு பேர் வேண்டும், அல்லது கராஜ் கூரையில் செயின் பிளாக். எரிபொருள் குழாய், பேட்டரி வயர், மீன் பார்க்கும் கருவியின் உணரி, எல்லாம் கழரட்டும். பிறகு ட்ரான்சத்தின் உச்சியிலிருந்து அடி நடுக்கோடு வரை அளந்து எழுதி வையுங்கள். அது பெரும்பாலும் 15 அங்குலம் அல்லது 20 அங்குலத்துக்குக் கிட்டவாக இருக்கும், மோட்டரின் தண்டு நீளமும் அதற்கேற்றதுதான். புதுப் பலகை ஒரு அங்குலம் உயர்ந்துவிட்டால் புரொப்பெல்லர் காற்றை விழுங்கும், தாழ்ந்தால் படகு தண்ணீரை அள்ளும்.

சில படகுகளில் மூலைத் தகடுகளையும் மேல் மூடியையும் கழற்றியதும் பலகை மேலே இழுக்க வந்துவிடும். நீங்கள் அதிர்ஷ்டசாலி. மற்றவற்றில் பின் இருக்கை, மோட்டர் கிணறு (மோட்டருக்கு முன்னால் இருக்கும் தொட்டி), முட்டுத்தாங்கி எல்லாம் ரிவெட்டில் இருக்கும், அவற்றை எடுக்காமல் பலகை அசையாது. ரிவெட்டைக் கழற்ற: தலையின் நடுவில் குறியூசியால் ஒரு புள்ளி குத்துங்கள், ரிவெட்டின் தண்டு எவ்வளவு தடிப்போ அதே அளவு ட்ரில் ஊசியால் தலையை மட்டும் துளையுங்கள், தலை வளையம் மாதிரிக் கழன்று வரும், மீதியை மறுபக்கம் தட்டிவிடுங்கள். அவசரப்பட்டு ஆழமாகத் துளைத்தால் தகட்டின் துளை பெரிதாகி அடுத்த ரிவெட் அதில் நிற்காது. மொத்த வேலையிலும் பொறுமை கேட்கிற இடம் இதுதான்.

எத்தனை குதிரைவலு, எத்தனை பேர் என்று எழுதிய தகடு பின்பக்கத்தில் இருந்தால் அதைக் கவனமாக எடுத்து வையுங்கள், திரும்பப் பூட்ட வேண்டும். இருக்கைக்குக் கீழே அடைத்திருக்கிற ஃபோமையும் எறியாதீர்கள். படகு கவிழ்ந்தால் அதை மிதக்க வைப்பது அதுதான். தண்ணீர் குடித்துக் கனத்துப் போயிருந்தால் அதே அளவு புது ஃபோம், தண்ணீர் உறிஞ்சாத வகை, வாங்கிப் போடுங்கள்.

பழைய பலகை முழுதாக வந்தால் அதை ஒரு பொக்கிஷமாகப் பாருங்கள், அதுதான் உங்கள் வெட்டு அச்சு. என்னுடையது சவளால் அள்ளித்தான் வந்தது. அப்படியானால் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி, வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் வெட்டி, மறுபடி வைத்துப் பார்த்து அச்சு எடுக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டை நல்லது. பலகையின் தடிப்பையும் எங்காவது உக்காத மூலையில் அளந்துகொள்ளுங்கள். கடையில் முக்கால் அங்குலம் என்று விற்பது சிலவேளை 18 மில்லிமீட்டர், இரண்டு சேர்ந்தால் 36, பழையது 38. மேல் மூடித் தகடு அந்த 38க்கு மடித்தது என்றால் கொஞ்சம் லொடலொடக்கும்.

தகட்டைச் சுத்தம் செய்தல்

உள்ளே வெறும் தகடு தெரிகிறது இல்லையா, இப்போது இரவாகும் வரை பொறுங்கள். கராஜ் விளக்கை அணைத்துவிட்டு, உள்ளே ஒரு பிரகாசமான விளக்கை வைத்து வெளியிலிருந்து பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிகிற இடத்தையெல்லாம் மார்க்கரால் வட்டம் போடுங்கள்.

வெள்ளை மாவைத் துருவ நைலோன் பிரஷ், அல்லது ஸ்டெயின்லெஸ் கம்பிப் பிரஷ். சாதாரண இரும்புக் கம்பிப் பிரஷ் வேண்டாம், அதன் துகள்கள் தகட்டில் பதிந்து பிறகு துருப்பிடித்து அங்கேயும் அரிப்பைத் தொடங்கும். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவிக் காயவிட்டு, குழிகளைச் சான்ட் பேப்பரால் தேய்த்த கையோடு எப்பொக்சிப் பசையால் நிரப்புங்கள். தேய்த்துவிட்டு அடுத்த வாரம் வரலாம் என்று போனால் அலுமினியத்தின்மேல் ஒட்சைட்டுப் படலம் திரும்ப வந்துவிடும், பசை அதில்தான் ஒட்டும், தகட்டில் அல்ல. விரல் நுழைகிற ஓட்டை என்றால் பசை போதாது, உள்ளே ஒரு அலுமினியத் துண்டு வைத்து ரிவெட் அடிக்க வேண்டும். மோட்டர் உட்காரும் இடத்தில் வெடிப்பு இருந்தால் வெல்டிங் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். அதைப் பசையால் மறைக்கக்கூடாது.

வெட்டுதல், ஒட்டுதல்

அச்சை வைத்துக் கோடு கீறி, கோட்டுக்கு வெளியே ஒரு நூல் விட்டு ஜிக்சோவால் வெட்டுங்கள். இரண்டு துண்டும் வெட்டியதும் படகில் வைத்துப் பாருங்கள். ட்ரான்சம் நேராக நிற்பதில்லை, பின்னால் சாய்ந்திருக்கும், ஆகவே அடி விளிம்பையும் மேல் விளிம்பையும் அந்தச் சாய்வுக்குச் சீவ வேண்டிவரும். அடி விளிம்பு தகட்டில் முட்டாமல் கால் அங்குல இடைவெளி விடுவது என் பழக்கம். அங்கே வருகிற தண்ணீர் ஓடிப்போக ஒரு வழி வேண்டும்.

பிறகு எப்பொக்சி. பொலியெஸ்டர் ரெசின் மலிவு, ஆனால் மரத்தில் நெடுநாள் ஒட்டியிருக்காது, அதை விடுங்கள். நான் பாவித்தது வெஸ்ட் சிஸ்டம் 105 ரெசின், 5 பங்குக்கு 1 பங்கு கடினமாக்கி. இந்த விகிதத்தைக் கண்மட்டத்தில் ஊற்றக்கூடாது, அவர்களே விற்கிற பம்பைப் பாவியுங்கள். கடினமாக்கி கொஞ்சம் கூட்டினால் வேகமாக இறுகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கூட்டினால் அது என்றைக்குமே சரியாக இறுகாது. வேகம் வேண்டும் என்றால் வேறு கடினமாக்கி வாங்க வேண்டும்: 205 வேகமானது, குளிரிலும் வேலை செய்யும், 206 மெதுவானது, 16 டிகிரிக்கு மேலே இருந்தால்தான் நல்லது. ஏப்ரல் மாதத்துக் கராஜுக்கு 205, ஜூலைக்கு 206. கையுறை கட்டாயம். எப்பொக்சி தோலில் பட்டுப் பட்டு ஒருநாள் ஒவ்வாமை வந்தால் அது பிறகு போகாது. கதவும் திறந்திருக்கட்டும், வீட்டு நிலவறையில் இந்த வேலை வேண்டாம்.

கோப்பை நிறையக் கலக்காதீர்கள். ஒரே பாத்திரத்தில் குவிந்து கிடந்தால் அது தன் சூட்டிலேயே கொதித்துப் புகைக்கும், பிளாஸ்டிக் கோப்பை உருகிக் கையில் ஊற்றும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றி வைத்தால் நேரம் கிடைக்கும்.

இரண்டு பலகையிலும் ஒட்டுகிற முகத்துக்கு முதலில் வெறும் எப்பொக்சி பூசி மரம் குடிக்கவிடுங்கள். பிறகு மிச்சத்தில் சிலிக்காப் பொடி சேர்த்துக் கட்டித் தயிர் பதத்துக்குக் கொண்டுவந்து, பல்லுள்ள கரண்டியால் ஒரு முகத்தில் இழுத்துவிட்டு, இரண்டையும் சேருங்கள். பலகையில் இலேசான வளைவு இருந்தால் ஒன்றின் வளைவு மற்றதற்கு எதிராக இருக்கும்படி வையுங்கள். சுற்றிவரக் கிளாம்ப், நடுவில் பாரம், நான் பெயின்ட் வாளிகளை வைத்தேன். விளிம்பெல்லாம் பசை பிதுங்கி வந்தால் போதும், அதற்கு மேல் இறுக்கினால் உள்ளே இருக்கிற பசையெல்லாம் வெளியே வந்துவிடும். கீழே மெழுகுத் தாள் விரிக்க மறந்தால் மேசையும் ட்ரான்சத்தோடு படகுக்குப் போகும்.

துளைகள்

உங்கள் பழைய பலகையை ஒருமுறை திரும்பப் போய்ப் பாருங்கள், எங்கே கறுத்திருக்கிறது? ஒவ்வொரு ஆணித் துளையைச் சுற்றியும். முகத்தில் யாரோ பெயின்ட் அடித்திருப்பார்கள், விளிம்பிலும் அடித்திருப்பார்கள், துளைக்குள் யாரும் அடித்திருக்க மாட்டார்கள். கம்பெனியிலும் அப்படித்தான், பலகையைப் பூட்டிய பிறகு துளை போட்டு போல்ட்டைத் தள்ளியிருப்பார்கள். முகத்துக்கு மூன்று பூச்சு அடித்துவிட்டுத் துளைக்குள் மரத்தை வெறுமனே விடுவது, மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்குவது மாதிரி.

ஆகவே ஒட்டிய பலகையைப் படகில் வைத்து, கிளாம்ப் போட்டு, வெளித்தகட்டில் ஏற்கெனவே இருக்கிற துளைகள் வழியாக மரத்தைத் துளையுங்கள். பலகையைத் திரும்ப வெளியே எடுங்கள். இப்போது ஒவ்வொரு துளையையும் பெரிதாக்குங்கள்: போல்ட் 3/8 அங்குலம் என்றால் துளை 5/8 அங்குலம். ஒரு பக்கம் டேப் ஒட்டி, துளைச் சுவருக்கு வெறும் எப்பொக்சி பூசி, பிறகு பொடி சேர்த்த எப்பொக்சியால் நிரப்பி, இறுகியதும் அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளையுங்கள். இனி போல்ட் மரத்தைத் தொடவே தொடாது. சீலன்ட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) தோற்றாலும் தண்ணீர் எப்பொக்சிக் குழாய்க்குள்தான் போகும். ஒரு நாள் கூடுதலாகப் போகும், போகட்டும். தண்ணீர் வெளியேறும் துளை ஓர் அங்குலத்துக்கு மேல் என்பதால் நிரப்பித் துளைப்பது தொல்லை, அதன் உள்சுவருக்கு நான்கைந்து பூச்சு கொடுங்கள். பலகை முதலில் சாகிற இடம் அதுதான்.

முழுப் பலகைக்கும் மூன்று பூச்சு. விளிம்புகள் பாலைவனம் மாதிரிக் குடிக்கும், குடிக்கிற வரைக்கும் கொடுங்கள். ஒரு சின்ன வித்தை: பலகையைக் கொஞ்ச நேரம் வெயிலில் சூடாக்கி, நிழலுக்குக் கொண்டுவந்து அது ஆறிக்கொண்டிருக்கும்போது முதல் பூச்சை அடியுங்கள். உள்ளே இருக்கிற காற்று ஆறிச் சுருங்கும்போது எப்பொக்சியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். நேர்மாறாகச் செய்தால், அதாவது குளிர்ந்த பலகையில் பூசி வெயிலில் வைத்தால், காற்று விரிந்து வெளியே வந்து பூச்சு முழுக்கக் குமிழியாகும். இறுகிய எப்பொக்சியின் மேல் மெழுகு மாதிரி ஒரு வழுவழுப்புப் படியலாம். அதைத் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சான்ட் பேப்பர், முதலில் தேய்த்தால் அது கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துவிடும். வெயில் எப்பொக்சியைத் தின்னும், ஆகவே வெளியே தெரிகிற பகுதிக்குக் கட்டாயம் பெயின்ட்.

எப்பொக்சிக்குப் பதிலாகக் கொதித்த லின்சீட் எண்ணெயும் டர்பன்டைனும் கலந்து பூசுகிற பழைய முறையும் இருக்கிறது. மலிவு, மணமும் நல்லது, ஆனால் துளை நிரப்ப உதவாது, எப்பொக்சி அளவுக்கு மூடவும் மூடாது. அதைச் செய்தால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

பூட்டுதல்

பலகையைத் தகட்டோடு பசை போட்டு ஒட்ட வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். இன்னும் இருபது வருடத்தில் இன்னொருவர் இதைக் கழற்ற வேண்டிவரும், அது நீங்களாகவும் இருக்கலாம்.

போல்ட் ஸ்டெயின்லெஸ். ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு நனைந்தால் அங்கேயும் அரிப்பு வரும், செம்பு அளவுக்கு வேகமாக இல்லாவிட்டாலும். ஆகவே தகட்டைத் தொடும் இடத்தில் டெஃப்-ஜெல் மாதிரி ஒரு பிரிப்புப் பசையைத் தடவுங்கள். உள்பக்கம் சின்ன வாஷர் போடாமல் பெரிய வாஷர் அல்லது ஒரு அலுமினியத் தகட்டுத் துண்டு போட்டால் பாரம் பரவும். போல்ட் தலைக்குக் கீழே மரைன் சீலன்ட். த்ரீஎம் 4200 போதும். 5200 என்பதும் கடையில் பக்கத்திலேயே இருக்கும், அது கிட்டத்தட்ட நிரந்தரம், பிறகு கழற்றும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரும். குளியலறைச் சிலிக்கன் வேண்டாம், கிடைக்கிறது என்பதற்காக. முதலில் சீலன்ட் பிதுங்கும் அளவுக்கு மட்டும் இறுக்கி, காயவிட்டு, பிறகு இன்னும் கால் சுற்று. நட்டைத்தான் திருப்ப வேண்டும், போல்ட் தலையைத் திருப்பினால் சீலன்ட் அறுந்துவிடும்.

ரிவெட்டுக்கு: தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வருகிற இடங்களில் நுனி மூடிய ரிவெட் வேண்டும். சாதாரண பொப் ரிவெட்டின் நடுவில் ஓட்டை, தண்ணீர் அதனாலேயே வரும், பலவற்றின் உள்ளே இருக்கிற கம்பி இரும்பு என்பதால் துருவும் வரும். அடித்து நசிக்கிற திண்ம ரிவெட்தான் எல்லாவற்றிலும் நல்லது, ஒருவர் வெளியே அடிக்க மற்றவர் உள்ளே இரும்புக் கட்டி பிடிக்க வேண்டும், பொறுமையான மச்சான் இருந்தால் செய்யுங்கள்.

மீன் பார்க்கும் கருவியின் உணரியை மட்டும் புதுப் பலகையில் திருகாதீர்கள். அது சரியான இடத்தில் நிற்கும் வரை மூன்று தரமாவது கழற்றிப் பூட்டுவீர்கள், மூன்று தரமும் தண்ணீர் மட்டத்தில் புதுத் துளை. சமையலறை வெட்டுப்பலகை இருக்கிறதே, வெள்ளைப் பிளாஸ்டிக், அதில் ஒரு துண்டை ஏற்கெனவே இருக்கிற போல்ட்டில் பிடித்துவிட்டு, உணரியை அந்தத் துண்டில் எத்தனை தரம் வேண்டுமானாலும் திருகுங்கள்.

தண்ணீர் பார்ப்பது

ஏரிக்கு ஓட வேண்டாம். படகு ட்ரெய்லரில் இருக்கும்போதே தண்ணீர் வெளியேறும் துளைக்குப் பிளக்கைப் (அடைப்பானைப்) போட்டு, தோட்டக் குழாயால் பின்பக்கம் மூன்று நான்கு அங்குலம் தண்ணீர் விடுங்கள். அதிகம் வேண்டாம், ஒரு லீட்டர் ஒரு கிலோ, ட்ரெய்லர் அதற்குச் செய்ததல்ல. வெளியே அடித்தகட்டைத் துடைத்துவிட்டு அரைமணி நேரம் கழித்து வந்து பாருங்கள். வெளியே தண்ணீர் கசிகிற இடம்தான் ஏரியில் உள்ளே வரும் இடம். மார்க்கர், சீலன்ட், மறுபடி தண்ணீர்.

மோட்டரை ஏற்றி, கிளாம்ப்பை இறுக்கி, தகட்டில் எழுதியிருக்கிற குதிரைவலுவுக்கு மேல் போகாமல் ஓடுங்கள். புது ட்ரான்சம் வந்துவிட்டது என்பதற்காகப் பெரிய மோட்டர் போட முடியாது, அந்த அளவு முழுப் படகுக்கும் சேர்த்துச் சொன்னது. முதல் ஓட்டத்துக்குப் பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், கொஞ்சம் தளர்ந்திருக்கும். ரோட்டில் போகும்போது மோட்டரின் கீழ்ப்பகுதியிலிருந்து ட்ரெய்லருக்கு ஒரு முட்டுக் கம்பு வைத்தால் குழிகளின் அடி பலகைக்கு முழுதாகப் போகாது.

வீட்டில் நிறுத்தும்போது அணியம், அதாவது முன்பக்கம், உயர்ந்து, பின்பக்கம் தாழ்ந்து, பிளக் கழற்றி, மேலே தார்ப்பாய் மூடி இருக்கட்டும். அடுத்த முறை தண்ணீரில் இறக்குமுன் அந்தப் பிளக்கைத் திரும்பப் போடவும் வேண்டும். இறங்குதுறையில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, புது ட்ரான்சம் போட்ட படகு பின்பக்கமாக நிறைந்துகொண்டு போனதை நான் கண்டிருக்கிறேன், படகு என்னுடையது. இப்போது பிளக் என் கார்ச் சாவியோடு தொங்குகிறது.